ஒரு சாண்

கயானி மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
ஜன்னல் இல்லாத அறை எனக்கு.
நவம்பரில் அதனால் நட்டமில்லை,
வெளியேயும் மூன்று மணிக்கே இருட்டு.
ஆட்கள் இங்கே வருவதில்லை.
அவர்களின் கோடுகள் வரும்.

கெர்த்து ஒய்னஸ், ஐம்பத்திரண்டு.
நடமாடும் நூலகப் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தவர்.
முதலில் விழுந்தது சதுப்பில், மஞ்சள் பழம் பறிக்கையில்.
அடுத்தது சவுனாவில்.
மூன்றாவது பேருந்துக்குள்,
நல்லவேளை, கைப்பிரேக் போட்டபின்.

காரணத்துக்கா பஞ்சம்?
சூடு தாங்கவில்லை என்றாள் தங்கை.
காலையில் வெறும் காப்பிதானே என்றார் கணவர்.
அந்த வயசு அப்படித்தான் என்றது சுகாதார நிலையம்.
கை உதறியதாகக் கேள்விப்பட்ட நரம்பு மருத்துவர்
வலிப்பு என்று எழுதினார்.
காலை ஒன்று, இரவு ஒன்று.
உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
மாத்திரை போட்டும் விழுந்தார்.

எல்லோரும் அவரிடமே கேட்டார்கள்:
விழும்போது என்ன ஆச்சு?
விழும்போது
அவர் அங்கே இருந்தால்தானே சொல்ல.

ராகெல் ஹூரு என்ற இளம் மருத்துவர்தான்
பக்கத்தில் யார் நின்றது என்று கேட்டார்.
நின்றவன் வேய்தி, எட்டு வயது,
சித்திரக்கதையின் ஐந்தாம் பாகத்துக்காக வந்தவன்.
தொலைபேசியில் பையன் சொன்னதை
ஒரு சொல்லும் திருத்தாமல் கடிதத்தில் வைத்திருந்தார்:

“பேசிட்டே இருந்தாங்க. பாதி வார்த்தைல நின்னுட்டாங்க.
மூஞ்சி மெழுகுவர்த்தி மாதிரி ஆச்சு. விழுந்தாங்க.
கை ரெண்டு தடவ உதறுச்சு.
அப்புறம் செவசெவன்னு ஆச்சு, சவுனாலேர்ந்து வந்த மாதிரி.
எந்திரிச்சு, அஞ்சாம் பாகம்தானேன்னு கேட்டாங்க.”

இருபது வருடமாகக் கோடு படிக்கிறேன்,
இவ்வளவு சுத்தமான பதிவு கைக்கு வந்ததில்லை.
ரத்தம் போனது. ரத்தம் திரும்பியது.
வலிப்பிலிருந்து எழுகிறவர்
அத்தனை சீக்கிரம் ஐந்தாம் பாகத்துக்கு வரமாட்டார்.

ஆனால் பையன் பேச்சை நம்பி
யார் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைப்பார்கள்?
பத்து விநாடி இசிஜி எடுத்தோம்: குற்றமில்லை.
ஒரு நாள் முழுக்கக் கருவி கட்டினோம்,
ஒரு லட்சம் துடிப்பு, ஒன்றும் தப்பவில்லை;
திருடன் லீவு போட்ட இரவில்
காவல் காத்த கதை.
கூடவே எழுதச்சொன்ன குறிப்பேட்டில்:
‘5.10. சவுனா இல்லை, கருவி நனையக் கூடாதாம். எரிச்சல்.’

பிறகு தோலுக்கடியில்,
ரெண்டு தீக்குச்சி கனத்தில் ஒன்றைச் செருகினார்கள்.
அது சவுனாவுக்கும் கூடவே போகும்.

பதினான்கு மாதம் ஒன்றுமில்லை.
பதினைந்தாவதில், பிப்ரவரி, வியாழன், மாலை 4.40.
தலைமாட்டுப் பெட்டி இரவோடிரவாக அனுப்பிய துண்டு.

மேலறை தட்டுகிறது.
சின்னச் சின்ன மேடாக,
தாளம் பிசகாமல், பொறுமையாகத் தட்டுகிறது.
கீழறை திறக்கவில்லை.
தட்டுகிறது.
திறக்கவில்லை.
தட்டுகிறது.

கவராயம் வைத்து அளந்தேன், ஒன்பது விநாடி.
நம்பாமல் கையை வைத்தேன்:
கட்டைவிரல் ஒரு துடிப்பில், சுண்டுவிரல் அடுத்ததில்,
சரியாக ஒரு சாண்.
எண்சாண் உடம்பைச் சாய்க்க
அது போதும்.
சாண் ஆபத்துக்குக் காதம் சுற்று மேல் என்பார்கள் இந்தப் பக்கம்.
பேருந்து ஓட்டியவருக்கு அது தெரியாமலா இருக்கும்,
சாண் தன் நெஞ்சுக்குள் கிடந்ததுதான் தெரியவில்லை.

தொலைபேசியில் கேட்டேன்:
வியாழன் சாயங்காலம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?
ஒன்றுமில்லையே, என்றார்.
காப்பி ஊற்றினேன்.
பார்த்தால் கோப்பை வழிந்து மேசையெல்லாம் காப்பி.
அசதி என்று துடைத்துவிட்டேன்.
கொஞ்சம் பொறுத்து,
ஏன், என்றார்.

மருத்துவர் கூப்பிடுவார் என்று மட்டும் சொன்னேன்.
அவ்வளவுதான் எனக்கு அனுமதி.

துண்டைக் கோப்பில் அடக்க மடித்தேன்,
மடிப்பு அந்த இடைவெளியிலேயே விழுந்தது.
திரும்ப ஒருமுறை கடிதத்தைப் படித்தேன்.
பையனுக்கு ஐந்தாம் பாகம் கிடைத்ததா
என்று அதில் இல்லை.