புள்ளி விழாத தெரு

முகவரி என்ற கட்டத்தில்
"சலீம் கஃப்டீரியாவுக்குப் பின்னால்" என்றிருக்கும்.
"பழைய பேக்கரி மாடி, லிஃப்ட் கிடையாது."
"பள்ளிவாசல் தாண்டி டயர் கடையில் கேளுங்கள்."
ஷார்ஜாவில் கட்டடத்துக்கு எண் இருந்தாலும்
எங்கள் நோயாளிகள் யாரும் அதைச் சொல்வதில்லை.

மூச்சிரைப்போடு கிளினிக்குக்கு வந்த பிள்ளைகளை
வரைபடத்தில் ஏற்றுவது என் வேலை.
ஒரு வருகைக்கு ஒரு புள்ளி.
இரவு இரண்டு மணிக்கு வந்திருந்தால்
கொஞ்சம் அடர்ந்த சிவப்பு.

பள்ளிப் பேருந்துகள் ஏசியை அணைக்காமல்
உறுமியபடி நிற்கும் மைதானத்தைச் சுற்றி
அம்மை போட்டது மாதிரி இருந்தது.
அது எதிர்பார்த்ததுதான்.
எதிர்பார்க்காதது அடுத்த தெரு.
அதே பேருந்து, அதே புகை,
ஒரு புள்ளிகூட இல்லை.

"அங்கே பிள்ளைங்க நல்லா இருக்காங்க போல"
என்றார் கூட்டத்தில் ஒருவர்.
அறிக்கைக்கு அட்டை போடச் சொன்னார்.

வியாழன் சாயங்காலம் நடந்து போனேன்.
புழுக்கத்தில் மூக்குக்கண்ணாடியை இரண்டு முறை துடைத்தேன்.
ஒவ்வொரு வாசலிலும் ஏழெட்டு ஜோடிச் செருப்பு,
நடுவே உள்ளங்கை நீளத்தில் சில.
ஒன்றின் குதிகாலில் இன்னும் விளக்கு மினுங்கியது.
ஒரு ஹாலை பிளைவுட் நான்காக்கியிருந்தது.
பலகைக்கு அப்பால்
தண்ணீர் நின்ற குழாயில் காற்று வருவதுபோல் ஒரு சத்தம்.
"ரிஃப்கா. நாலு வயசு" என்றாள் அம்மா.
"இன்ஷூரன்ஸ் கார்டு இல்ல.
விசா முடிஞ்சு எட்டு மாசம்.
எழுதிக்காதீங்க."

எழுதிக்கொள்ளவில்லை.

கீழே ஃபார்மசியில் அமானுல்லா
கடன் நோட்டைத் திறந்து காட்டினார்,
பெயர்களைக் கட்டைவிரலால் மறைத்தபடி.
நீல இன்ஹேலர். நீல இன்ஹேலர், பாதிக் காசு.
ஸ்பேசர் ஒன்று, இருவருக்கு.
நீல இன்ஹேலர், சம்பளம் வந்ததும்.
விரல் கீழே இறங்க இறங்க
நான் எண்ணிக்கொண்டே போனேன்:
ஆறு மாதத்தில் நூற்றுப் பதினேழு.

மாடி இல்லை, கதவு இல்லை.
தெரு முழுக்க ஒரே நிறமாகப் பூசினேன்,
யார் வீட்டையும் சுட்டாத சிவப்பு.
ஆதாரம் என்ன என்று கேட்டார்கள்.
"கடன் பாக்கி" என்றேன்.
சிரித்தார்கள், பிறகு எண்ணிக்கையைக் கேட்டார்கள்.

பேருந்துகளை நகர்த்தினார்கள்,
டிசம்பரில்,
யாருக்கும் ஏசி தேவைப்படாத மாதத்தில்,
கிடங்குகளுக்குப் பின்னாலிருக்கும் காலி மனைக்கு.
அங்கே யாரும் குடியில்லையாம்.
வரைபடமும் அதையேதான் சொல்கிறது.

வியாழன் வரட்டும்.