வால் கட்டிய இரு மீன்கள்

உணவறைப் பலகையில் நடுவே ஒரு வட்டம்.
உள்ளே எழுதினேன்: அம்மோனியா வெளியேறுகிறது.
இடப்பக்கம் காரணங்கள், வலப்பக்கம் விளைவுகள்.
கோடுகள் வந்து வட்டத்தில் குவிந்து
மறுபடி விரிந்தன.

"கழுத்தில் கட்டும் வில்முடிச்சு மாதிரி இருக்கும் இந்தப் படம்"
என்றேன், கழுத்துப்பட்டையே கட்டாத பதினோரு பேரிடம்.
ரிமாந்தாஸ் சிரித்தான்.
"இது காட் மீன். வாலோடு வால் சேர்த்துக் கட்டி
ஜோடியாகத் தொங்கவிடுகிறோமே, அது."
சன்னலுக்கு வெளியே லோஃபோட்டனின் மார்ச்.
கழிகள் நெடுக
ஆயிரக்கணக்கில் என் வரைபடம்
காய்ந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு கோட்டையும் மறித்து ஒரு பெட்டி.
பெட்டி என்றால் தடுப்பு.
துருவை மறிக்க, குழாயின் கனம் அளக்கும் கருவி.
ஃபோர்க்லிஃப்டை மறிக்க, மஞ்சள் இரும்புக் கம்பம்.
சாய்ந்திருக்கிறதாம். எவ்வளவு?
"இன்னும் ஒரு இடி தாங்கும்."
எண்ணெய் வடிக்கும் வால்வில் சுருள்வில்:
கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும்.
எனக்குப் பிடித்த வால்வு அது.
மனிதரை நம்பாத வால்வு.

ஷிவிலே அப்போதுதான் பேசினாள்.
இரவில் தரை கழுவுகிறவள்.
கூட்டத்துக்கு அழைக்கப்படாதவள், காபிக்கு வந்தவள்.
"அதில் நீலக் கயிறு கட்டியிருக்கிறது.
மீன் வால் கட்டுகிற கயிறு.
அதுவும் இயந்திரத்தில் ஒரு பாகம் என்று நினைத்து
சுற்றித் துடைத்துவிட்டுப் போவேன்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
மூலையில் குளிர்பெட்டி உறுமி அடங்கியது.

ஔட்ஹில்ட் எழுந்து நின்றாள்.
இருபத்திரண்டு வருடமாக இயந்திர அறை அவளுடையது.
"நான்தான் கட்டினேன்.
எண்ணெய் வடிய நாற்பது நிமிடம்.
அதற்குள் மூன்று தடவை அலாரம் அடிக்கும்,
வேறு வேறு அறையில்.
முன்பு இரண்டு பேர் இருந்தோம்."

பெட்டியின் காலடியில் சின்னதாய் ஒரு கட்டம் உண்டு,
இந்தத் தடுப்புக்குப் பொறுப்பு யார் என்று.
போன வருடத் தாளைப் பார்த்து எழுதியிருந்தேன்: தோர்லெய்ஃப்.
தோர்லெய்ஃப் ஓய்வு பெற்று
பெர்கனில் மகள் வீட்டில் இருக்கிறார்.
அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை.
தாளில் மட்டும்
அவர் ஒரு ஷிஃப்டும் தவறவில்லை.

ஏட்டுச் சுரைக்காய்க்குள் எத்தனை விதை என்று
இவ்வளவு நாள்
எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வலப்பக்கம் போனோம்.
வாயு உணரும் கருவி, விசிறி, முகமூடி.
கூரைமேல் காற்றுப்பை, எந்தத் திசையில் ஓடுவது என்று சொல்ல.
"ஜனவரியிலிருந்து கிழக்கைத்தான் காட்டுகிறது,"
ரிமாந்தாஸ் சொன்னான். "உறைந்துவிட்டது."
ஒரு சிரிப்பு எழுந்து
பாதியில் நின்றது.

மேலாளர் எஸ்கில் கடிகாரம் பார்த்தார்.
வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வருகிறார்.
போன வருடம் பத்தொன்பது பெட்டி இருந்ததே?
உள்ளங்கையால் துடைத்தேன்.
பதினொன்று மிஞ்சியது.
கை முழுக்க மசி.

"கயிற்றை அறுத்துவிட்டால் சரியாகிவிடுமா?" என்றார்.
"நாளை இரவு மறுபடி கட்டுவேன்,"
என்றாள் ஔட்ஹில்ட்.
கோபமில்லாமல்,
பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல.

பொறுப்பு யார் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.
எஸ்கில் பேனாவை வாங்கி
மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.
ஆள் எடுக்க மேலிடத்தைக் கேட்க வேண்டும்.
அதுவரை?

அதுவரை முதல் இரவு என்னுடையது.
முகமூடிக்குள் என் மூச்சு எனக்கே சத்தமாகக் கேட்டது.
ஔட்ஹில்ட் கயிற்றை அறுத்து
என் மேல்சட்டைப் பையில் திணித்துவிட்டு
அலாரம் அடித்த அறைக்கு ஓடினாள்.
வால்வின் கைப்பிடி பனிபோல் குளிர்ந்தது,
சுருள்வில் விடாமல் எதிர்த்துத் தள்ளியது.
எண்ணெய், தேன் மாதிரி, அவசரமே இல்லாமல்.

பன்னிரண்டாவது நிமிடத்தில்
இடது கை
தானாகவே
பையைத் தடவிப் பார்த்தது.