நான்காம் எண் கட்டை

பட்டியலில் பதினேழாவது வரி:
பழைய காங்கிரீட், ஆறு எண்ணம், உடைத்து அகற்றுக.
எதன் அஸ்திவாரம் என்று எழுதவில்லை.
ஃபைலக்கா தீவுக்குப் படகேறும்போது
சால்மியாத் துறையில் ஷெரீஃப் இன்ஜினியர்தான் சொன்னார்:
"ரேடார். போர்க்காலத்தில்."
எந்தப் பக்கத்தாருடையது என்று நாங்கள் கேட்கவில்லை.
உடைக்கிற கூலி இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்.

ஊரில் கொத்தனாராக இருந்தவன் இசக்கிதுரை.
முதல் கட்டையைத் தட்டிப் பார்த்ததுமே
"கடல் மணல்ல போட்டிருக்கான், பாவி" என்றான்.
உடைந்த விளிம்பில் சிப்பி, பொடிச் சங்கு.
உள்ளே கம்பி துருவேறி வீங்கி
தோலை உரித்துக்கொண்டிருந்தது.
பக்கவாட்டில் பலகையின் மர நரம்புகள்,
எங்கோ நின்ற மரத்தில் கிளை வெடித்த முடிச்சு ஒன்று.
பாதி உயரத்தில் குறுக்கே ஒரு கோடு.
இந்த இடத்தில் கலவை நின்றுபோயிருக்கிறது.
தண்ணீர் வரவில்லையா, விமானம் வந்ததா,
இல்லை, சோறு வந்ததா?
கோட்டுக்கு மேலே வேறு நிறம், வேறு கை, அவசரம்.

உச்சியில் வட்டமாய்ப் பன்னிரண்டு போல்ட்டுகள்.
நட்டு எதிலும் இல்லை.
யாரோ உட்கார்ந்து பொறுமையாகக் கழற்றியிருக்கிறார்கள்.
ஓடுகிறவன் நட்டைக் கழற்றுவானா?
ஒன்றில் மட்டும் ரப்பர் மூடி மிச்சமிருந்தது.
பிடுங்கினேன்.
மரையில் கிரீஸ் இன்னும் ஈரமாக,
விரலில் கறுப்பாக.
அன்று சோப்புப் போட்டும் போகவில்லை.

சுற்றிலும் எவரும் திரும்பி வராத வீடுகள்.
சுவரெல்லாம் தோட்டா கொத்திய அம்மைத் தழும்பு.
கதவில்லாத வங்கிக்குள்
நிழலுக்கு நிற்கிறது ஓர் ஒட்டகம்.

*

மூன்றாம் நாள் மொக்லெஸ் கண்டுபிடித்தான்:
முகாமில் செத்துக் கிடக்கும் போன்
நான்காம் எண் கட்டைமேல் ஏறினால் பிழைத்துக்கொள்கிறது.
அதுவும் மேற்கு ஓரத்தில்,
மூடியிருந்த போல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று
கையைத் தலைக்கு மேல் தூக்கினால்.

அன்றிலிருந்து மாலை ஆறு மணிக்கு வரிசை.
ஆளுக்கு ஐந்து நிமிடம்.
ஆளுயரக் கட்டையில் லுங்கியோடு தொற்றி ஏறி
ஒரு கையை உயர்த்தி
மெல்லச் சுழல்வோம்.
ஒரு கோடு, இரண்டு கோடு, திரும்பவும் ஒரு கோடு.
கடல் பக்கம் ஒன்றுமில்லை.
நகரத்துப் பக்கம் திரும்பினால்
செய்யது மீரானுக்கு மகள் கிடைப்பாள்.
"வாப்பா, கேக்குதா?"
கை மேலே இருப்பதால் ஸ்பீக்கரில்தான் பேச்சு.
எனவே எல்லார் வீட்டுக் கதையும் எல்லாருக்கும் தெரியும்.
கடைவாய்ப் பல், சீட்டுக் காசு, மூழ்கப்போகிற நகை,
மச்சான் குடித்துவிட்டு வந்து பேசிய பேச்சு.
"கேக்குது, கேக்குது" என்று
வானத்தைப் பார்த்துக் கத்துவார் மீரான்.

இதே பன்னிரண்டு போல்ட்டின்மேல் முன்பு சுழன்றது
யார் வருகிறார்கள் என்று பார்த்தது,
வருகிறவனைச் சுடுவதற்காக.
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.
வரிசையில் எனக்கு ஏழாவது இடம்.

*

ஐந்தை உடைத்து முடித்தோம்.
பிரேக்கரின் உளி மூன்று மழுங்கியது.
நான்காம் எண்ணுக்குத் தினம் ஒரு காரணம்:
டீசல் தீர்ந்தது. உளி வரவில்லை. புழுதிக்காற்று.
கேட்க வந்த ஷெரீஃப்
கொஞ்ச நேரம் கீழே நின்று பார்த்தார்.
பிறகு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.
அவர் முறை வந்தபோது
அலெக்சாண்ட்ரியாவில் யாரோ எடுக்கவில்லை.
ஐந்து நிமிடமும் சுழன்றார்.
இன்னும் பேசாத தன் ஐந்தையும்
அவருக்கே கொடுத்தான் இசக்கிதுரை.

கிளம்புகிற நாளில்
பதினேழாவது வரிக்கு எதிரே அவர் கையெழுத்து:
ஐந்து அகற்றப்பட்டன.
ஒன்று, இடத்தில் காணப்படவில்லை.

படகிலிருந்து அரை மணி நேரம் அது தெரிந்துகொண்டே இருந்தது.
சால்மியா நெருங்க நெருங்க
எல்லார் போனிலும் நான்கு கோடு.
மீரான் மட்டும்
கையை இறக்காமல் பேசிக்கொண்டு வந்தார்.