இரண்டு முதல் பதினான்கு அங்குலம் வரை

காலை ஏழு மணிக்குக் கொல்லைக்குப் போய்
வெள்ளைப் பலகையைப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
நோட்டில் சுழியம் போட்டேன்.
பத்தொன்பது வருடமாக இந்த வேலை. சம்பளம் கிடையாது.
விழுவதை அளக்க வேண்டும்,
விழாததையும் எழுத வேண்டும்.

பிப்ரவரிக்கு ஒவ்வாத வெயில்.
புகைபோக்கியிலிருந்து புகை நூல் பிடித்து ஏறியது.
இஸ்திரி போட்ட கடல்.
தூரத்துக் கலங்கரை விளக்கம்
பாறையை விட்டு அரை அடி எழும்பி நின்றது.
மாசசூசெட்ஸின் இந்தக் கரையில்
இப்படியொரு நாளை யாரும் மெச்ச மாட்டார்கள்.
சினைப்பட்ட நாள் என்பார்கள்.
குட்டி எது என்று சொல்ல மாட்டார்கள்.

வானொலியில் சொன்னார்கள்:
இரண்டு முதல் பதினான்கு அங்குலம் வரை பனி.
அல்லது மழை.
இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறதாம்.
அது எங்கள் ஊர் மேல் விழுகிறதாம்.
நூலகத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
கணினிகளுக்குள்ளேயே சண்டை.

ஆன்செல் டிரெல் லாரியின் மூக்கில்
பனி தள்ளும் இரும்பு அலகை மாட்டி
மூன்று நாளாகக் காத்திருக்கிறான்.
இந்தக் குளிர்காலம் மழையாகவே பெய்து
அவன் வயிற்றில் அடித்துவிட்டது.
பனி என்றால் நகராட்சி மணிக் கணக்கில் கொடுக்கும்.
மழை என்றால் அவன் வெறும் லாரிக்காரன்.
"பதினான்கு போடு" என்றான் என்னிடம்,
ஏதோ என் நோட்டிலிருந்துதான் இறங்குகிற மாதிரி.

நோரீன் குஷிங்குக்கு எது விழுந்தாலும் ஒன்றுதான்.
கடல் சுவரை ஒட்டிய வீடு.
அமாவாசை ஓதம் இரவு பதினொன்று நாற்பதுக்கு.
வடகிழக்குக் காற்றும் அதே நேரத்துக்குச் சீட்டு எடுத்திருக்கிறது.
ஜன்னல்களுக்கு ஒட்டுப்பலகை அடித்துக்கொண்டிருந்தாள்,
போன புயலின் துளைகளிலேயே திருகாணி.
ஒவ்வொரு பலகையிலும் கறுப்பு மையில்:
அடுக்களை, இடது.
இந்தப் பக்கம் மேலே.
எழுதியவன் அரிசோனாவில், இன்னொருத்தியோடு,
ஓதம் என்றால் என்னவென்று கேட்கிற ஊரில்.
கையெழுத்து மட்டும் புயலுக்குப் புயல்
வேலைக்கு வந்துவிடுகிறது.

நான் ஒரு முனையைப் பிடித்தேன்.
என் வீடு மேட்டில், வா என்றேன்.
"முதல் அலை சுவரைத் தாண்டட்டும், பார்க்கலாம்."
அலை கதவைத் தட்டி
உள்ளே வரலாமா என்று கேட்கும் போலிருக்கிறது.

நாலு மணிக்கு வெளிச்சம் பழுப்பேறியது.
பள்ளி மைதானத்தில் நூறு கடற்காகங்கள்,
எல்லாம் ஒரே திசைக்கு முகம் திருப்பி.
காற்று முதலில் தொட்டது
தபால் நிலையக் கொடிக்கம்பத்தின் கயிற்றை.
டிங்.
கொஞ்சம் பொறுத்து, டிங்.
பிறகு பொறுக்கவே இல்லை.

எட்டரைக்கு விழ ஆரம்பித்தது.
கை நீட்டினேன், மழையில்லை.
ஸ்வெட்டரில் உட்கார்ந்ததை உற்றுப் பார்த்தேன்,
பனியும் இல்லை.
நொய்யரிசி.
உருண்டு, துள்ளி,
தகரக் கூரையில் பொரிகிற சத்தம்.
கோடு வேறெங்கும் இல்லை, என் உச்சந்தலையில்தான்.

பத்தே காலுக்கு மின்சாரம் போயிற்று.
இருட்டில் ஒரு மஞ்சள் சுழல்விளக்கு.
ஆன்செலின் லாரி
அலகைத் தூக்கிப் பிடித்தபடி
கடல் சாலைக்கு இறங்கிப் போனது.
அங்கே தள்ளப் பனி இல்லை.
அந்த ஓட்டத்துக்கு மணிக் கணக்கும் இல்லை.
அவ்வளவு உயரச் சக்கரம்
ஊரில் அவனிடம்தான் இருக்கிறது.

இப்போது அவள் என் அடுக்களையில்,
முழங்கால் வரை உப்புத் தண்ணீர்.
கோட்டுப் பையில் இன்னும் திருப்புளி.
ஆன்செல் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று
"எவ்வளவு?" என்றான்.
டார்ச்சோடு போய்ப் பலகையில் அளந்தேன்.
"கால் அங்குலம்."
மெல்ல ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு
வண்டியைக் கிளப்பினான்.

"அடுத்த ஓதம் எத்தனை மணிக்கு?" என்றாள் நோரீன்.
நாளை மதியம், பன்னிரண்டு ஐந்து.
தலையாட்டினாள்.
சுவரில் மணி பதினொன்று பத்து.
இன்றைய ஓதமே இன்னும் ஏறி முடியவில்லை.
அவள் அடுத்ததைத்தான் கேட்டாள்.