புள்ளிக்குப் பிறகு மூன்றாம் இடம்

"காக், சத்து சென் குராங்" என்றாள் அஸ்மா,
சம்பளச் சீட்டை என் மேசையில் வைத்து.
அவள் விரலின் ஜாதிக்காய் வாசம்
தாளுக்கும் வந்திருந்தது.

ஒரு சென் காசைக் கடைசியாக எப்போது பார்த்தேன்?
சூலியா தெருவில் கீழே கிடந்தாலும் யாரும் குனியமாட்டார்கள்.
ஐந்து ஐந்தாகத்தான் எண்ணுகிறது பினாங்கு.
"வங்கியில் இருக்கிறதே" என்றாள்.
வங்கியில் இருக்கத்தான் செய்கிறது.

பெட்டிக்கு முப்பத்து மூன்றரை சென்.
அன்று மூன்றே பெட்டி, காய்ச்சலோடு வந்த நாள்.
ஒரு ரிங்கிட், அரை சென்.
அரை என்றால் மேலே ஏற்ற வேண்டும்.
திரை இறக்கியிருந்தது:
1.00

முதலில் என்னைச் சந்தேகித்தேன், வழக்கம்போல.
பிறகு சூத்திரத்தை.
பிறகு எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவளை.

பதினான்கு பேர், ஏழு மாதம், இரண்டாயிரத்துச் சொச்சம் வரிசை.
நகல் எடுத்து அழிக்கத் தொடங்கினேன்.
பெயர்களை அழித்தேன், பிழை இருந்தது.
தேதிகளை அழித்தேன், இருந்தது.
கம்பெனியையே அழித்தேன்.
வெற்றுத் தாளின் மூலையில், ஒரே கட்டத்தில்
1.005 என்று அடித்து
இரண்டு இடத்துக்கு முழுதாக்கு என்றேன்.
1.00
அங்கே நின்றது, மேலே ஒரு துணிகூட இல்லாமல்.

1.125-ஐயும் கேட்டுப் பார்த்தேன்.
நல்ல பிள்ளையாக 1.13 என்றது.
எப்போதும் பொய் சொல்பவனைச் சமாளித்துவிடலாம்.

புகார்ப் படிவத்தில் மூன்று கேள்வி:
என்ன செய்தீர்கள்.
என்ன எதிர்பார்த்தீர்கள்.
என்ன கிடைத்தது.
நாற்பத்திரண்டு வயதில்
இவ்வளவு நேராக என்னை யாரும் விசாரித்ததில்லை.
ஆளுக்கொரு வரி எழுதி நிறுத்திக்கொண்டேன்.

குடும்பப் பெயர் கட்டாயம் என்றது சிவப்பு நட்சத்திரம்.
எங்களுக்கு ஏது?
அப்பாவைப் போட்டேன்: அங்கப்பன்.
பட்டர்வொர்த் ஃபெரியில் கயிறு கட்டியவர்.
மளிகைக்காரர் நீட்டிய பற்றுப் புத்தகத்தில்
மொத்தத்தைப் பார்க்காமலே கையெழுத்து வைத்தவர்.
"அவன் என்ன, பொய்யா எழுதப் போறான்?"

ஒன்பதாம் நாள் பதில்.
"அன்புள்ள திரு. அங்கப்பன்…"

இயந்திரத்துக்குள் 1.005 என்று ஓர் எண்ணே கிடையாதாம்.
அதற்குப் பக்கத்தில், மயிரிழை தாழ்வாக
வேறொன்று நிற்கிறதாம்:
1.00499999999999989
பாதியைத் தொடவில்லை, அதனால் கீழே தள்ளியதாம்.
"அது சரியாகத்தான் கணக்கிட்டது,
ஆனாலும் நீங்கள் சொல்வதே சரி.
அடுத்த பதிப்பில் திருத்துவோம். தீவிரம்: சிறிது."

சிறிதுதான்.
அதை அஸ்மாவிடம் போய்ச் சொல்லுங்கள்.

இரண்டு மாதம் கழித்து வந்த திருத்தப் பட்டியலில்
கடைசிக்கு முந்தைய வரி:
பிழையைக் கண்டுபிடித்தவர், அங்கப்பன்.
அச்சடித்து எடுத்தேன்.
எங்கே ஒட்டுவது என்று தெரியவில்லை.
இழுப்பறையில், ஸ்டேப்ளருக்கு அடியில் கிடக்கிறது.
பதினோரு வருடமாக இல்லாத மனிதர்
இறந்த பிறகு கணக்குப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்.

முதலாளி ஊய் பழைய பாக்கியைக் கூட்டச் சொன்னார்.
அஸ்மாவுக்கு மட்டும் இருபத்து மூன்று சென்.
"இதுக்கு வேற வங்கிக் கட்டணமா? ரொக்கமாக் குடுத்துடு."
ரொக்கத்தில் இருபத்து மூன்று கிடையாது.
நாட்டு வழக்கப்படி இருபத்தைந்து:
ஒரு இருபது, ஒரு ஐந்து.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.
வாசல்வரை போனாள், திரும்பி வந்தாள்.
"காக், டுவா சென் லெபே."

வைத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவள் முகத்தைப் பார்த்துவிட்டு
புதிய வரிசை ஒன்றைத் திறந்தேன்:
அஸ்மா. முன்பணம். 0.02