இந்த நான்கெல்லைக்குள்

வலது சின்ன விரல் மரத்துப்போன அன்று
மூன்றாவது கிரயப் பத்திரத்தின் நடுவில் இருந்தேன்.
'தடப்பள்ளி வாய்க்காலுக்குத் தெற்கு' வரை வந்தாயிற்று.
அடுத்த எல்லைக்கு விரல் எழவில்லை.

டைப்ரைட்டிங் ஹையர், முதல் வகுப்பு.
பதினேழு வருசமாய் அந்தப் பழைய வரிசைதான்:
கொம்பை முன்னால் போட்டுவிட்டு
எழுத்துக்குக் காத்திருப்பது.
கன்று பிறக்குமுன்னே கொம்பு.
விரல்களும் அதையே நம்பிவிட்டன.

காந்திபுரத்தில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடி.
சட்டையில் இர்ஷத் என்று பெயர் குத்திய பையன்
ஒன்பது பட்டன் பதித்த சின்னக் கட்டையை நீட்டினான்.
"அமுக்கிப் பாருங்க்கா, எது கைக்கு ஒத்து வருதுன்னு."
நீலம்: கடலைக்காய் உரிக்கிற சத்தம்.
ரெண்டு பேர் பேசுகிற ஆபீசுக்கு ஆகாது.
சிவப்பு: வழுக்கிக்கொண்டே அடிவரை போனது,
தடுத்துக் கேட்க ஆளே இல்லை.
பழுப்பு: பாதி வழியில் ஒரு சின்ன வரப்பு,
தாண்டினால் எழுத்து.
அது போதும் எனக்கு.
வரப்பு எங்கே இருந்தது என்று
சத்தியம் பண்ணுகிறவர்களைத்தான்
காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்க்கிறேன்.

அப்புறம் அந்தப் பிளந்த பலகை.
இடப்பாதி தனி, வலப்பாதி தனி,
நடுவில் போக்குவரத்துக்கு ஒரு வயர்.
"பாகப்பிரிவினையா தம்பி?" என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.
எனக்கு லிப்ட் இறங்கும் வரை சிரிப்பு.

தமிழ் அச்சடித்த மூடி வராதாம்,
ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாமாம்.
வேண்டாம், வெறும் மூடியே போடு.
சீட்டு எடுத்த பணத்தில் பதினாலாயிரம்,
ஒன்றும் எழுதாத ஐம்பத்தெட்டுச் சதுரத்துக்கு.
வீட்டில் சொன்ன விலை நாலாயிரம்.

கோபியில் ராக்கியண்ணன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.
"ஏனம்மிணி, ஒடஞ்சதை எதுக்கு வாங்கிட்டு வந்தே?"

தமிழ் தொண்ணூற்றொன்பது வரிசையில்
இடக்கையில் உயிர், வலக்கையில் மெய்.
புள்ளி இடது ஆள்காட்டி விரலடியில்.
'க'வை ரெண்டு தரம் தட்டினால்
முதலாவது தானே புள்ளி வைத்துக்கொள்கிறது.
கொம்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.
கற்றுக்கொள்ள எனக்குத் தெரிந்தது ஒரே வழி:

சொத்து விவரம்.
கோபி டவுன், சார்பதிவகத்துக்கு எதிர்ச்சந்து, என் மேசை மேல்,
'ந'வுக்குத் தெற்கு,
முற்றுப்புள்ளிக்குக் கிழக்கு,
ஷிப்டுக்கு மேற்கு,
பலகை விளிம்புக்கு வடக்கு,
இந்த நான்கெல்லைக்குள் பட்ட
ழ ஒன்று.

அங்கேதான் சின்ன விரல் போய்ச் சேராது.
மூன்றாவது வாரம். வெளியே பெஞ்சில்
அண்ணன் தம்பி ரெண்டு பேர்,
ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்காமல்.
ஒரு கிணறு, ரெண்டு பங்கு, மோட்டாருக்கு முறைநாள்.
நகல் எடுத்துக் கொடுத்தேன்.
தம்பி விரல் வைத்து வாசித்தார்:
"குப்பண்ணன் பூமிக்குக்... கிக்கு."

ழ விழவில்லை.
நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அண்ணன்காரர்தான் முதலில் வெடித்தார்.
"குப்பண்ணன் பூமிக்குப் பக்கத்துல நிண்டாலே
கிக்குதானுங், சாராயக்காரன் காடு."
தம்பி தோளில் தட்டிக்கூடச் சிரித்தார்.
தட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
அப்புறம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.
திருத்தி அடித்தேன்.
ஆளுக்கொரு பஸ்ஸில் போனார்கள்.

ராத்திரி இர்ஷத்துக்குப் போன் போட்டேன்.
"எந்த எழுத்தையும் எங்க வேணாலும் வெக்கலாங்க்கா."
முத்திரைத்தாள் வேண்டாமா? இல்லை.
சாட்சிக் கையெழுத்து? இல்லை.
வில்லங்கம் பார்க்க வேண்டாமா? சிரித்தான்.

ழவைக் கட்டைவிரலுக்கு மாற்றி எழுதினேன்,
இடைவெளிக்குப் பக்கத்து வீடு.
கிழக்கு. கிழக்கு. மழை. பழைய. கிழக்கு.
பதினொரு மணிக்கு விளக்கை அணைத்தேன்.

மூலையில் பழைய இடம் புறம்போக்காய்க் கிடக்கிறது.
சின்ன விரல் இன்னும் சில நேரம்
அதுவரை எட்டிப்போய் அமுக்கிப் பார்க்கிறது.
வரப்பு தட்டுப்படுகிறது.
எழுத்து வருவதில்லை.