கிட்டக் கோட்டை

சாஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்தொன்று.
இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு.
இரண்டுக்கும் நடுவே நான்,
கம்பளிக் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றியபடி.

தட்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தேன்.
நேற்று மாலை பரப்பிய பாக்டீரியா
இரவோடு இரவாய் முளைத்து
மூடுபனிபோல் நிறைந்திருக்கிறது.
நடுவில் குத்திய ஒரு புள்ளியைச் சுற்றி மட்டும்
வெறும் கண்ணாடி.
நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்போமே, அப்படி.
கிட்டக் கோட்டை என்றால் எட்ட மழையாம்.
இங்கே மழை ஏது.

நடுப்புள்ளி
ஹம்போல்ட் பக்கத்துக் கன்று ஒன்றின் குடலிலிருந்து வந்தது.
சுற்றி இருந்ததும் அதே குடல்தான்.
அதே பசி. பங்காளிகள்.

பங்காளியைக் கொல்லப் பெரிதாய் ஒன்றும் வேண்டாம்,
ஒரு புரதம் போதும்.
பி-பன்னிரண்டு வைட்டமினுக்காக
அவன் திறந்துவைத்திருக்கும் வாசலில்
விருந்தாளிபோல் நுழைந்து
பரம்பரை எழுதிய இழையைத்
துண்டு துண்டாய் நறுக்கிவிடும்.

வாளோடு உறையும் சேர்ந்தே பிறக்கிறது இவர்களுக்கு.
செய்தவனை அவன் விஷம் தொடாது,
அவன் உடன்பிறந்தவர்களையும்.

பாட்டில் கழுவிக்கொண்டிருந்த ஒக்சானா
ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள்.
"யார் ஜெயித்தது?"

சொல்ல வாயெடுத்தேன்.
இந்த விஷத்துக்கு வெளியே வர வழி கிடையாது ஒக்சானா,
செய்தவன் தன் சுவரைத் தானே உடைத்துக்கொண்டால்தான் உண்டு.
நூறில் மூன்று பேர், நாலு பேர்
அப்படி உடைகிறார்கள்.
எந்த நாலு பேர் என்பதற்குப்
பாடப்புத்தகம் வைத்திருக்கும் சொல்: தற்செயல்.
மிச்சம் தொண்ணூற்றாறு பேரும்
உறையை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு
காலியான இடத்துக்குச்
சர்க்கரை தின்னப் போகிறார்கள்.

இதில் எதையும் சொல்லவில்லை.
அவள் தம்பியின் குரல் வந்து பதினொரு நாள்.

ஸ்கேலை வைத்தேன்.
குறுக்களவு பதினான்கு மில்லிமீட்டர்.
நோட்டுக்கு அது போதும்.

தட்டை மூடப் போனபோது
அவள் விரல் குறுக்கே வந்தது.
கோட்டைக்கு உள்ளே,
துடைத்துப்போட்ட அந்த இடத்தில்,
ஊசிமுனை அளவு வெள்ளை.
விஷம் போய்த் தட்டியும் திறக்காதவன்.
வைட்டமினே வேண்டாமென்று
வாசலைச் சுவராக்கிக்கொண்டு
ஒண்டியாய் உட்கார்ந்திருக்கிறான்.

"இது எந்தப் பக்கம்?" என்றாள்.

நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால்
ஒரு புள்ளி வைத்தேன்.